டொலரில் ஒரு கோடைப் பாடநெறி: காசு எதற்குக் கொடுக்கிறோம்?

கேள்வி: நான் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத்தோடு தொடர்புள்ள ஒரு வேலையில் இருக்கிறேன். சிஸ்டம் டைனமிக்ஸ் மாதிரியாக்கம் (குளத்து நீர் போன்ற ஒன்று காலப்போக்கில் எப்படிக் கூடிக் குறைகிறது என்பதைக் கணினியில் ஒரு கணக்கு மாதிரியாகக் கட்டிப் பார்ப்பது) படிக்க ஆசை. அமெரிக்காவிலிருந்து இணையவழியில் ஆறு வாரக் கோடைப் பாடநெறி ஒன்று விளம்பரத்தில் வந்தது. கட்டணம் 450 டொலர். சான்றிதழும் ஓராண்டு மென்பொருள் உரிமமும் சேர்த்துத் தருகிறார்களாம். இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் 20 வீதம் கழிவு. சேரலாமா?

பதில்: இந்த வாரம் சேர வேண்டாம். இது படிக்கத் தகுந்த விஷயம்தான். ஆனால் அந்த 450 டொலரில் எந்தப் பகுதிக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் கார்டை எடுக்கக் கூடாது. டொலர் 300 ரூபா என்று வைத்தால், கழிவு போகவும் ஒரு லட்சத்து எட்டாயிரம். வங்கி பிடிக்கும் கட்டணம் அதற்கு மேல்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். விரிவுரை வீடியோக்களும் வாசிப்புகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்தத் துறை பிறந்த எம்ஐடி பல்கலைக்கழகமே தன் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் சிஸ்டம் டைனமிக்ஸ் பாடங்களை வைத்திருக்கிறது. தனியாகப் படிப்பவர்களுக்கென்று 'ரோட் மேப்ஸ்' என்ற பயிற்சித் தொகுதியும் உண்டு. நல்ல நெட் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு வீட்டிலிருந்தே படிக்கலாம். மென்பொருளும் அப்படித்தான். வென்சிம் பிஎல்இ படிப்புக்கும் சொந்தப் பயிற்சிக்கும் இலவசம். இன்சைட் மேக்கர் பிரவுசரிலேயே ஓடும், காசில்லை. தொடக்கக்காரருக்கு இவை தாராளம். ஆகவே 'ஓராண்டு உரிமம் சேர்த்து' என்ற சலுகையை ஒரு பெறுமதியாகவே கணக்கில் எடுக்காதீர்கள். ஆண்டு முடிந்ததும் அந்த உரிமம் தானாகப் புதுப்பித்து உங்கள் கார்டில் காசு எடுக்குமா என்று மட்டும் கேளுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் சுருக்கமாக: பதவி உயர்வுக்கோ சம்பளப் படிக்கோ என்றால், அதை ஏற்பார்களா என்று உங்கள் திணைக்களத்தில் முதலில் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில். விளம்பரத்தில் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பது வேறு, அந்தப் பல்கலைக்கழகமே சான்றிதழ் வழங்குவது வேறு.

அப்போ என்னதான் மிச்சம்? நீங்கள் கட்டும் மாதிரியை ஒருவர் திறந்து பார்த்து, "இந்த இடம் பிழை" என்று சொல்வது. காசு கொடுக்க வேண்டியது அதற்கு மட்டும்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்காததும் அது ஒன்றுதான்.

ஏன் அதற்கு அவ்வளவு மதிப்பு என்று ஒரு குளத்தை வைத்தே பார்க்கலாம். சிறுபோகம் தொடங்கும்போது ஒரு குளத்தில் 900 ஏக்கர் அடி தண்ணீர் என்று வையுங்கள் (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி). வாய்க்காலில் வாரம் 60 போகிறது, ஆவியாகி 15 போகிறது, மழை இல்லை. வாரம் 75 குறைந்தால் 12 வாரத்தில் குளம் வெறுமை. மூன்றரை மாத நெல்லுக்கு, அறுவடைக்கு முந்திய இரண்டு வாரம் தண்ணீரை நிறுத்தினாலும், 13 வாரத் தண்ணீர் வேண்டும். ஆனால் உண்மையில் தண்ணீர் வற்ற வற்ற நீர்ப்பரப்பு சுருங்கும், ஆவியாவதும் குறையும். ஆகவே குளம் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். குளத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதே வெளியே போவதன் வேகத்தை மாற்றுகிறது. இந்தத் துறையின் உயிர் இந்தப் பின்னூட்டம்தான். துருசை (மதகை) எவ்வளவு திறப்பது, எத்தனை ஏக்கர் விதைக்க விடுவது என்று போகக் கூட்டத்தில் எடுக்கும் முடிவும் நீர்மட்டத்தைப் பார்த்தே எடுக்கப்படுவதால், அதுவும் இன்னொரு பின்னூட்டம்.

இதை மென்பொருளில் கட்டும் புதியவர் அநேகமாகச் செய்யும் தவறு, குளம் வற்றிய பிறகும் வாய்க்காலில் வாரம் 60 ஓடிக்கொண்டே இருப்பது. இருப்பு சுழியத்துக்குக் கீழே, மைனசில் போகும். மென்பொருள் அதைப் பிழை என்று சொல்லாது, அழகான வரைபடமாகவே காட்டும். இன்னொன்று அலகு: வரத்தை நாளுக்கு இவ்வளவு என்றும் போக்கை வாரத்துக்கு இவ்வளவு என்றும் கலந்து விடுவது. மூன்றாவது, கணக்கிடும் கால இடைவெளியைப் பெரிதாக வைத்துவிட்டு, அதனால் வரும் ஏற்ற இறக்கத்தைக் குளத்தின் குணம் என்று நம்புவது. இவற்றைத் தனியாகப் படிப்பவர் மாதக்கணக்கில் கவனிக்காமல் இருப்பார், அனுபவமுள்ளவர் வரைபடத்தைப் பார்த்ததுமே பிடித்துவிடுவார். இது சும்மா வகுப்பறைக் கவலை இல்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்ததை நீங்கள் அங்கிருந்தே பார்த்திருப்பீர்கள். உண்மையான குளத்தில் 'இப்படித் திறந்தால் என்ன' என்று பரீட்சித்துப் பார்க்க முடியாது, மாதிரியில் முடியும். அந்த மாதிரியே பிழையென்றால் மாதிரி இல்லாததைவிட மோசம்.

ஆகவே விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். என் மாதிரியை யார் பார்ப்பார், ஆறு வாரத்தில் எத்தனை தடவை, ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர், அவர் எழுதும் கருத்தின் மாதிரி ஒன்றைக் காட்ட முடியுமா, முடிவில் என் சொந்தப் பிரச்சினையை வைத்து ஒரு மாதிரி கட்டலாமா, அல்லது எல்லாருக்கும் ஒரே பயிற்சியா? 'தானியங்கி வினாவிடை', 'சக மாணவர் மதிப்பீடு' என்று மட்டும் பதில் வந்தால் 450 டொலர் மிக அதிகம். ஒழுங்கான ஒருவர் நான்கைந்து தடவையாவது பார்ப்பார் என்றால் விலை நியாயமே. பதிலே வராவிட்டால், காசு கட்டிய பிறகு எப்படி வரும்?

நேரத்தையும் பாருங்கள். அவர்களின் கோடை எங்களுக்குச் சோளகக் காலம், சிறுபோக அலுவல்கள் நடக்கும் நேரம். நேரலை வகுப்பு பொஸ்டனில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 7.30, சமாளிக்கலாம். பிற்பகல் 2 மணி என்றால் இங்கே இரவு 11.30. அடுத்த நாள் வேலைக்குப் போகிறவர் எத்தனை வகுப்புக்குத்தான் இருப்பார்? பதிவைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். அப்படியென்றால் மறுபடி வீடியோவுக்குத்தான் காசு.

பணம் திரும்பப் பெறும் விதிகளைக் கட்டுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உள்ளூர் விற்பனையாளர் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கடல் கடந்த விற்பனையாளரிடம் அது இலகுவில் செல்லாது. அங்கே உங்கள் கைப்பிடி கார்ட் தந்த வங்கிதான். சொன்னதைத் தராவிட்டால் அந்தக் கொடுப்பனவை மறுத்து வங்கியில் முறைப்பாடு கொடுக்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, ஆறு வாரமும் முடியட்டும் என்று காத்திராதீர்கள்.

அதற்குள் செய்யக்கூடியது: ஒரு கொப்பியில் மேலே சொன்ன குளத்தை வாரம் வாரமாகக் கையால் போட்டுப் பாருங்கள். இந்தத் துறையைத் தொடங்கிய ஜே ஃபொரெஸ்டரின் முதல் வேலையே அப்படித்தான். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தொழிற்சாலை ஒன்றில் ஒரு காலம் ஆள் போதாமல், இன்னொரு காலம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பி, ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று நிர்வாகத்துக்கே விளங்கவில்லை. அவர் பென்சிலும் தாளுமாகக் கணக்குப் போட்டு, காரணம் வெளியே சந்தையில் மட்டும் இல்லை, உள்ளே ஆள் எடுக்கும், சரக்கு வைக்கும் முறையிலும் இருக்கிறது என்று காட்டினார். (நெப்ராஸ்காவில் கரண்ட் இல்லாத மாட்டுப் பண்ணையில் வளர்ந்து, பள்ளி வயதிலேயே பழைய கார்ச் சாமான்களை வைத்துக் காற்றாலை மின்சாரம் செய்தவர். வன்னிக்காரருக்கு அவரைப் பிடிக்கும்.) கொப்பிக் கணக்கில் ஆர்வம் நின்றால் சேருங்கள். கழிவு போய்விடுமே என்று யோசிக்க வேண்டாம், 'கடைசி வாரம்' அடுத்த மாதமும் வரும்.

கேள்வி: இதே மாதிரி ஒரு பாடநெறியின் உள்நுழைவை நாலு பேர் பங்கு போட்டு, ஆளுக்கு ஐயாயிரம் ரூபாவுக்குத் தருவதாக வவுனியாவில் ஒருவர் சொல்கிறார். நல்லதுதானே?

பதில்: இல்லை. ஒரு கணக்கில் ஒருவர்தான் பயிற்சி ஒப்படைக்கலாம், சான்றிதழும் ஒருவரின் பெயரில்தான் வரும். மற்ற மூவருக்கும் வீடியோ மட்டும். கடவுச்சொல்லை அவர் மாற்றினால் அதுவும் இல்லை. விதியை மீறியதாகக் கணக்கை மூடினால் முறையிடவும் வாய் இருக்காது. நாலு பேர் சேர்வதென்றால் இலவசப் பாடத்தை வாரம் ஒரு நாள் கூடிப் படியுங்கள். ஒருவர் கட்டிய மாதிரியை மற்றவர் பிழை பிடிக்கலாம். கச்சான் (நிலக்கடலை) விலையை எடுத்துத் தொடங்கலாம்: இந்த வருடம் விலை ஏறினால் எல்லாரும் நடுவார்கள், அறுவடை வர மாதங்கள் ஆகும், எல்லாம் ஒன்றாகச் சந்தைக்கு வர விலை விழும். தாமதம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்த டொலர் பாடநெறியிலும் கிடைக்காது.

கேள்வி: இதற்காகப் புது லப்டொப் வாங்க வேண்டுமா? என்னிடம் இருப்பது பழசு, 4 ஜிபி.

பதில்: வேண்டாம். தொடக்க மாதிரிகள் பாரமில்லாதவை, பழைய விண்டோஸ் லப்டொப்பே போதும். போனில் மட்டும் படிக்க நினைக்காதீர்கள், அந்தச் சிறிய திரையில் அம்புக்குறி இழுத்துக் கோடு போடுவது பெரிய தலையிடி.