தத்தெடுக்கப் போன நாட்டில் காத்திருக்கும் வாரங்களில் பிள்ளை நம்மிடம் ஒட்டுமா?

ஒன்பது மாதக் குழந்தையைத் தத்தெடுக்க வேறு நாட்டுக்குப் போயிருக்கிறீர்கள். நீதிமன்ற வேலை முடியும்வரை அங்கேயே தங்கி, தினமும் குழந்தை இருக்கும் சிறுவர் இல்லத்துக்குப் போய்ப் பார்க்கிறீர்கள். குழந்தையோ உங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அங்கே பார்த்துக்கொள்பவரிடமே தாவுகிறது. "எனக்கும் உள்ளே ஒன்றும் பொங்கவில்லை, நான் செய்வது சரிதானா?" என்று நீங்கள் எழுதியதன் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒட்டும். ஆனால் அந்தப் பராமரிப்பவரைப் போட்டிக்காரியாகப் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். நான் முதல் வாரத்தை அதில் வீணாக்கியவள்.

நாங்கள் மெல்பேர்னில் இருக்கிறோம். நான் பிறந்தது இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கணவருக்கு யாழ்ப்பாணம். 2023 ஜனவரியில் மகளை எடுக்க இலங்கைக்கு வந்தோம். அவளுக்கு அப்போது பத்து மாதம். நுவரெலியாப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்தில் இருந்தாள். நாலைந்து வாரம் தங்கத் தயாராக வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், எங்களுக்கு ஒன்பது வாரம் ஆனது. காரணம், ஒரு காகிதத்தில் என் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், இரண்டும் ஒரே ஆள்தான் என்று வாழ்நாள் முழுக்க சத்தியக்கடதாசி கொடுத்துக்கொண்டே இருப்போம். அந்த நேரம் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால் அந்த உபரி வாரங்கள்தான் எங்களைக் காப்பாற்றின.

தலவாக்கலையில் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். காலை ஆறரைக்கு பஸ். ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிவரை பிள்ளையோடு இருக்கலாம். முதல் நாள் அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூக்கி வைத்திருந்த இல்லத்துப் பராமரிப்பவரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவரை அங்கே எல்லாரும் நெந்தா என்பார்கள், சிங்களத்தில் மாமி முறை. ஐம்பது வயதிருக்கும், நல்ல பருமன், கையில் எப்போதும் ஈரத்துணி. நான் கையை நீட்டினால் பிள்ளை வீல் என்று கத்தும், நெந்தா "சூட்டி, சூட்டி" என்று முதுகில் தட்டினால் அந்த நொடியே அடங்கும். சூட்டி என்றால் சிங்களத்தில் சின்னக்குட்டி என்பது போல. என் அம்மா அதை "சுட்டி" என்று கேட்டுக்கொண்டு, "பாக்கிறதுக்கு முன்னாடியே குறும்புக்காரின்னு பேர் வச்சிட்டாங்களா" என்று சிரித்தார். வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், முதல் வாரம் எனக்கு அவள் மேல் பாசம் வரவில்லை. வேறு யாரோ பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போய் வந்தது போலத்தான் இருந்தது. நெந்தா மீது பொறாமை மட்டும் நன்றாக வந்தது. மெல்பேர்னில் தத்தெடுப்பவர்களுக்கு நடத்தும் வகுப்பில் பிள்ளை ஆளோடு ஒட்டுவதை ஆராய்ந்த பௌல்பி சொன்னது, அதே துறையில் எயின்ஸ்வர்த் உகண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்த்து எழுதியது எல்லாம் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். எட்டு, ஒன்பது மாதத்தில் பிள்ளைக்கு ஆள் அடையாளம் தெரியும், வேற்று முகத்துக்கு அழும், அது நல்ல வளர்ச்சி என்றும் தெரியும். தெரிந்து என்ன? பஸ்ஸில் திரும்பி வரும்போது நான்தான் அழுதேன்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னதுதான் என்னை மாற்றியது. அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். பிள்ளை பெற்று சில மாதத்திலேயே பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போயாக வேண்டும், கைப்பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறிவிடுவார்கள். "நீயும் அப்படித்தான்டி. கூடையை எறக்கி வச்சிட்டு ஓடியாந்து தூக்குனா, என்னயப் பாத்துக் கத்துவ. ஆயம்மா இடுப்புக்கே தாவுவ. எனக்கு நெஞ்சு எரியும். ஆயம்மா சொல்லும், ஒருத்திக்கிட்ட ஒட்டத் தெரிஞ்ச பிள்ள, எவகிட்டயும் ஒட்டாதத நெனச்சுத்தான் பயப்படணும்னு." ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "நீ அந்த ஆயம்மாகிட்ட ஏதாச்சும் கேட்டியா?" என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. பத்து மாதம் வளர்த்தவரிடம் ஒரு கேள்வி கூடக் கேட்காமல் வெறுமனே எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் எழுதிக்கொள்ள ஒரு கொப்பி கொண்டு போனேன். என் சிங்களம் சந்தைச் சிங்களம், நெந்தாவின் தமிழும் அப்படித்தான், ஆனால் பிள்ளை விஷயம் பேச அது போதும். சூப்பிப் போத்தலை வாயில் வைப்பதற்கு முன் அடியில் விரலால் மூன்று தட்டு தட்டுவாராம், அது கேட்டால்தான் வாயைத் திறப்பாள். தூங்கும்போது துவாய்த் துண்டின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும் அவளுக்கு. குளித்ததும் கழுத்தில் ஒரு சொட்டு பேபி கொலோன். நான் மெல்பேர்னிலிருந்து வாசமில்லாத, இயற்கை, விலை கூடிய சாமான்களாகச் சுமந்து வந்திருந்தேன். அதை எல்லாம் மூடி வைத்துவிட்டு டவுனில் அதே சவர்க்காரம், அதே கொலோன் வாங்கி நானும் பூசிக்கொண்டேன். கணவர் கிட்ட வந்து முகர்ந்துவிட்டு, "என்னப்பா, நீ குழந்தைப்பிள்ளை மாதிரி மணக்கிறாய்" என்றார்.

தாலாட்டும் அப்படித்தான். நான் ஆராரோ பாடினால் கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தாள், ஏதோ செய்தி வாசிப்பதைக் கேட்பது போல. நெந்தாவின் "தொய் தொய்" கேட்டால் கண் சொருகும். சரி என்று நானும் தொய் தொய் படித்தேன். பிறகு மெல்ல தொய் தொய்க்கு நடுவில் ஒரு ஆராரோவைச் சொருகினேன். பேத்திக்கு சிங்களத் தாலாட்டா என்று அம்மாவுக்கு முதலில் மனத்தாங்கல், இரண்டு நாளில் அவரும் அதையே பாடினார்.

மூன்றாவது வாரம் ஊசி. ஒன்பது மாதத்தில் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்குப் போடும் எம்எம்ஆர் ஊசி அவளுக்குக் காய்ச்சலால் தள்ளிப்போயிருந்தது, கிளினிக்குக்கு நெந்தாவோடு நாங்களும் போனோம். பிள்ளை என் மடியில். ஊசி குத்தியதும் மூச்சை இழுத்துக்கொண்டு, நீலம் பாரித்து, ஒரு அழுகை, இரண்டு கையும் நெந்தாவைத் தேடி நீண்டன. நெந்தா அங்கே இல்லை. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார், வேண்டுமென்றே. அவருடைய செருப்பு நுனி மட்டும் எனக்குத் தெரிந்தது. பிள்ளை இடமும் வலமும் பார்த்தாள், பிறகு வேறு வழியில்லாமல் என் கழுத்தில் முகத்தை வைத்து அழுத்தினாள், மூக்குச்சளி எல்லாம் என் தோளில். எனக்கு உள்ளே ஏதோ இறங்கியது அப்போதுதான். திரும்பி வரும்போது நெந்தா என் முகத்தைப் பார்க்கவில்லை, வான் வண்டியின் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாலாவது வாரக் கடைசியில் நீதிமன்ற உத்தரவு கிடைத்துப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். (படிவங்களில் "மகவேற்பு" என்று போட்டிருக்கும். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, "பிள்ளை எடுத்து வளக்கிறாங்க" அவ்வளவுதான்.) இனி எல்லாம் சுகம் என்று நினைத்தேன். முதல் இரவு அவள் அழவே இல்லை. எவ்வளவு நல்ல பிள்ளை என்று சந்தோஷப்பட்டோம். மூன்றாம் இரவு மூன்று மணிபோல குளிரில் விழித்து, போர்வையைச் சரி செய்யலாம் என்று போன் வெளிச்சத்தை மறைத்துப் பிடித்துப் பார்த்தால், கண் திறந்தபடி கிடக்கிறாள். சத்தமில்லை. துவாய் ஓரத்தை மட்டும் விரல் உருட்டிக்கொண்டிருக்கிறது. நெப்பி நிறைந்து முதுகுவரை ஈரம். எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாளோ.

நெந்தா மேல் குற்றமில்லை. இரவில் ஒருத்தர் எட்டுத் தொட்டிலைப் பார்க்கிறார். கூப்பிட்டால் உடனே யாரும் வருவதில்லை என்று பிள்ளை படித்துக்கொள்கிறது, கூப்பிடுவதை விட்டுவிடுகிறது. பகலில் ஆளைத் தேடி அழுகிற அதே பிள்ளை இரவில் யாரையும் கூப்பிடாது. நீங்களும் இதைக் கவனியுங்கள், அமைதியான பிள்ளை என்று ஏமாந்துவிடாதீர்கள்.

அன்றிலிருந்து அவள் கூப்பிடும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. மணி வைத்து எழும்பி, ஈரமோ இல்லையோ, கையை அவள் மேல் வைப்போம். ஜனவரி, பெப்ரவரியில் மலைநாட்டு இரவு எப்படியிருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும், நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும் காலம். அந்தக் குளிரே உதவியது. என் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக் கம்பளியை மேலே இழுத்துக்கொண்டால், சூட்டுக்காகவாவது ஒட்டிக்கொண்டு கிடந்தாள். பால் கொடுக்கும்போதும் முதலில் சுவரைத்தான் பார்ப்பாள், நான் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன், என்னைப் பார் என்று திருப்பமாட்டேன். பன்னிரண்டாவது நாளோ பதின்மூன்றாவது நாளோ, நடுச்சாமத்தில் ஒரு கத்து. நல்ல கோபமான, ஊரைக் கூட்டுகிற கத்து. நான் கணவரை உலுக்கி, "அழுகிறாள், அழுகிறாள்" என்று சிரிக்கிறேன், அவர் பாதித் தூக்கத்தில் "அதுக்கேன் சிரிக்கிறாய்" என்கிறார்.

அவர் கதை வேறு. இல்லத்தில் ஆண்களே இல்லை, தாடியைக் கண்டாலே பயந்தாள். பாவம், தாடியை மழித்தார். அதற்குள் தாடி முகம் பழகியிருந்தது போல, மழித்த முகத்தைக் கண்டு மறுபடி முதலிலிருந்து அழுகை.

அப்புறம் சொந்தக்காரர்கள். நம் ஆட்களுக்குப் பிள்ளையைக் கண்டால் தூக்காமல் இருக்க முடியாது. முதல் வாரங்களில் நாங்கள் இருவர் மட்டுமே தூக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள், அதை லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், போய்ச் சொல்லிப் பாருங்கள். "வெளிநாட்டுக்காரி பிள்ளையத் தொட விடமாட்டாளாம்" என்று ஒரே நாளில் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. கடைசியில் ஒரு நடுவழி பிடித்தோம்: கொஞ்சலாம், விளையாடலாம், கிலுக்கு ஆட்டலாம், ஆனால் பால், குளிப்பு, தூக்கம் மூன்றும் எங்கள் கை. குளிப்பாட்டுவதை மட்டும் அம்மாவிடமிருந்து பிடுங்க முடியவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைப் போட்டுக்கொண்டால் யார் என்ன சொல்ல முடியும், நான் தண்ணீர் ஊற்றும் வேலையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு சித்தப்பா, "எவ்வளவு குடுத்தீங்க?" என்று நேராகவே கேட்டார். கோபப்படவில்லை. 80களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதும், போலித் தாய்மாரைக் கொண்டுவந்து நிறுத்திக் கையெழுத்து வாங்கிய கதைகளும் 2017-இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி மூலம் வெளியே வந்தன. 2021-இல் அந்த நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. இலங்கையில் தத்தெடுப்புக்கான 1941-ஆம் வருடச் சட்டத்தை 1992-இல் திருத்தி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அரசின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் வழியாக, இல்லங்களில் உள்ள பிள்ளைகளை மட்டும் என்று ஆக்கியதற்கும் பின்னால் அந்தக் காலத்துக் கதைகள்தான். ஆகவே பாசம் ஒரு பக்கம் இருக்க, ஒவ்வொரு காகிதத்துக்கும் பிரதி எடுத்து வையுங்கள், பெற்றவளைப் பற்றி இல்லத்தில் என்ன தெரியுமோ அதைக் கேட்டு எழுதி வையுங்கள். நாளைக்குக் கேட்கப் போவது பிள்ளைதான்.

கடவுச்சீட்டு வேலைக்குக் கொழும்புக்கு ரயிலில் போனோம். தலவாக்கலையில் ஏறினால் கொட்டகலை தாண்டி சிங்கமலைச் சுரங்கம் வரும், அந்தப் பாதையிலேயே நீளமானது, அரை கிலோமீட்டருக்கு மேல். பெட்டிக்குள் திடீரென்று இருட்டு, பயல்கள் கூக்குரல் போடுகிறார்கள், அவள் என் காது மடலைப் பிடித்தாள். கத்தவில்லை, பிடித்துக்கொண்டு உருட்டினாள், துவாய் ஓரத்தை உருட்டுவது போலவே. ஹட்டன் ஸ்டேஷன் வெளிச்சத்துக்கு வந்த பிறகும் விடவில்லை. இப்போது பாலர் வகுப்புக்குப் போகிறாள், இன்னும் தூங்குவதற்கு என் காதுதான் வேண்டும், வலிக்கும்.

உங்களுக்கு இன்னும் சில நாள் இல்லத்தில் இருக்கிறது அல்லவா, ஒரு வேலை செய்யுங்கள். பார்த்துக்கொள்பவரையும் பிள்ளையையும் சேர்த்து நாலைந்து படம் எடுங்கள், அவர் பாடுவதைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். கிளம்பும் நாளில் பிள்ளை படுக்கிற துணியையோ துவாயையோ கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், புதியது ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். முக்கியமாக அதைத் துவைக்காதீர்கள். அழுக்காக இருக்கிறதே என்று நான் ஒரு தரம் துவைத்துக் காயப்போட்டேன், மழை வேறு, மூன்று நாள் காயவில்லை, அந்த மூன்று இரவும் வீட்டில் யாரும் தூங்கவில்லை.