நீண்ட காலம் நிறுத்தி வைத்த பழைய டீசல் டிராக்டரில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் ஏன் கிளம்புவதில்லை?

ஸ்டார்ட்டர் சுற்றும்போது சைலன்சரில் துளிப் புகையும் வராவிட்டால், சிலிண்டருக்கு டீசல் போகவில்லை என்று பொருள். இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் குமிழ் வெளியே இழுபட்டிருக்கவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் ஏர் லாக், அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்து அடைத்துக்கொள்வது.

மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் வாஷர்கள் காய்ந்து, ரப்பர் குழாய்கள் வெடித்து, டீசல் மெல்ல டேங்குக்கு இறங்க, அந்த இடத்தில் காற்று புகுகிறது. டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்க நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். நுனியை அடைத்த ஊசிக்குழலில் நீர் இருந்தால் அழுத்தம் அப்படியே நுனியை எட்டுகிறது. காற்று இருந்தால் அது சுருங்கி விரிகிறதே தவிர அழுத்தம் ஏறுவதில்லை. இன்ஜெக்டருக்கு டீசலைத் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்பிலும் அதுவே நடக்கிறது.

காற்றை வெளியேற்ற, டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கிய நீரை வடித்து, மேலுள்ள பிளீடிங் திருகைத் தளர்த்தி, குமிழியில்லாத டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து, பிறகு திருகை இறுக்க வேண்டும். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்ய வேண்டும். இன்ஜெக்டரிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும் என்பதால் அதன் முன் கை நீட்டவே கூடாது.

பேட்டரி மாற்றினால் சரியாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறது என்றாலே பேட்டரி நன்றாக இருக்கிறது.