அந்த ஹரிக்கேன் வந்து முப்பது நாள்தான்

ஐயாவுக்கு வணக்கம்,

இரண்டு மாதமாக ஒரு ஹாக்கர் ஹரிக்கேன் போர்விமான மாடல் செய்துகொண்டிருக்கிறேன். 1/72 அளவு, மார்க் 2பி. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்து எழும்பிய, பிரிட்டிஷ் விமானப்படையின் 30ஆம் ஸ்குவாட்ரன் விமானமாக அதைச் செய்ய வேண்டும் என்று ஆசை. அந்த விமான நிலையம் எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான் இருக்கிறது.

ஒட்டும் வேலையும் நிறமடிப்பும் நன்றாகவே வந்தன. வெதரிங்கில்தான், அதாவது பயன்பட்டுப் பழசானது போலக் காட்டும் வேலையில்தான், சிக்கல். வீடியோக்களைப் பார்த்து, ஸ்பாஞ்சில் வெள்ளி நிறம் தொட்டு உடல் முழுக்க ஒற்றினேன். தகடுகள் சேரும் எல்லா பேனல் கோடுகளிலும் கறுப்பு வாஷ் (நீர்த்த நிறம்) விட்டேன். இறக்கையில் கொஞ்சம் துரு. நண்பர்கள் அச்சு அசல் என்கிறார்கள். எனக்கோ பழைய இரும்புக்கடையில் கிடந்த சாமானைப் போலத் தெரிகிறது. பிழை எங்கே? எவ்வளவு வெதரிங் சரி? நாற்பத்தொரு வயதில் இந்தப் பொம்மை வேலை தேவையா என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள். படங்கள் இணைத்திருக்கிறேன்.

ம., தெஹிவளை

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டில் இருபது வருடமாக அதைக் கேட்கிறார்கள். ஒருமுறை ஒரு பதிலுக்கு முயன்றேன், அன்று ராத்திரிச் சாப்பாடு தாமதமானது. அதை விட்டுவிடுவோம்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒட்டு வேலை சுத்தமாக இருக்கிறது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளியே தெரியவில்லை, அது லேசான காரியமில்லை. உங்கள் கண் சொல்வதும் சரிதான். அது இரும்புக்கடைச் சாமானாகத்தான் தெரிகிறது. ஏனென்றால் நீங்கள் விமானத்துக்குத் தேதி கொடுத்தீர்கள், அழுக்குக்குக் கொடுக்கவில்லை.

30ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள் 'இண்டோமிடபிள்' என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எழும்பி இலங்கைக்கு வந்தது 1942 மார்ச் தொடக்கத்தில். தாக்குதல் நடந்தது ஏப்ரல் 5. நடுவில் ஏறக்குறைய முப்பது நாள். ஒரு மாதத்தில் ஒரு விமானம் அழுக்காகும், எண்ணெய் வழியும், புகை படியும். மேல் நிறம் இப்படிச் செதில் செதிலாக உரிந்துபோகாது.

நீங்கள் பார்த்த வீடியோ எது என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஜப்பானியத் தரைப்படையின் கவாசாகி ஹியென் போர்விமானம் மாதிரி ஏதோ ஒன்றாக இருக்கும். அதற்கு அந்த அலங்கோலம் பொருந்தும். தொழிற்சாலையிலிருந்து வெற்று உலோகமாக வந்த விமானங்களுக்குப் போர்க்களத்தில் பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமல் பச்சையை அள்ளிப் பூசினார்கள். 1943இல் அவை நியூ கினியின் வேவாக் போன்ற இடங்களில் வெயிலிலும் மழையிலும் நின்றபோது பூச்சு தகடு தகடாக வந்துவிட்டது. ஆனால் அன்று கொழும்புக்கு மேல் பறந்த ஜப்பானியக் கப்பற்படையின் ஸீரோ போர்விமானங்களின் பூச்சு நன்றாக ஒட்டிக்கொண்டிருந்த வகை. எதிராளியே பளிச்சென்று வந்திருக்கிறான், நம் ஆள் மட்டும் தோலுரிந்து நிற்கிறான்!

அப்புறம், வால். படத்தில் என்னை உறுத்தியது இதுதான். விமானி அறைக்குப் பின்னால் வால் வரைக்கும் ஹரிக்கேனின் உடம்பு துணி. உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மர வளைவுகளும் நீளச் சட்டங்களும், அதற்கு மேல் லினன் துணியைப் போர்த்தி டோப் என்ற இறுக்கும் பூச்சைப் பூசி இழுத்திருப்பார்கள். மாடலில் நீளவாக்கில் வரிவரியாகத் தெரிவது அந்தச் சட்டங்கள்தான். வாலும், அதில் அசையும் பலகைகளான ரட்டரும் எலிவேட்டரும், இறக்கையில் அசையும் ஐலரான்களும்கூடத் துணிதான். மார்க் 2இல் இறக்கைக்கு உலோகத் தகடு வந்துவிட்டது. உடம்பின் பின்பாதிக்கு வரவில்லை. அங்கே நீங்கள் வெள்ளி ஒற்றியிருக்கிறீர்கள். துணிக்கு அடியில் அலுமினியம் எங்கிருந்து வரும்? குண்டு பாய்ந்தாலோ எதிலாவது இடித்தாலோ துணியில் ஓட்டை விழும், அதன்மேல் ஒரு துண்டை ஒட்டி நிறம் பூசுவார்கள். சுற்றியிருக்கும் பச்சையோடு முழுக்கச் சேராத சின்னச் சதுரம் ஒன்றைப் பின்னுடலில் வரைந்து பாருங்கள். நூறு வெள்ளிப் புள்ளிகள் செய்யாத வேலையை அது செய்யும்.

காற்றாடியையும் ஒரு தடவை பாருங்கள். ரோட்டால் நிறுவனத்தின் காற்றாடிகள் பலவற்றின் இதழ்கள் அழுத்தி ஒட்டிய மரத்தில் செய்தவை. அந்த விளிம்பிலும் வெள்ளி வேண்டாம்.

துருவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அலுமினியம் துருப்பிடிக்காது. புகைபோக்கிக் குழாய்களில் நீங்கள் கொடுத்திருக்கும் செம்பழுப்பு மட்டும் அருமை, அதைத் தொடாதீர்கள். அதன் பின்னால் வழியும் புகைக்கறையைக் கரிக்கறுப்பாக அடித்திருக்கிறீர்கள். ஈயம் கலந்த பெட்ரோல் எரிந்தால் கறுப்போடு சாம்பலும் வெளிர் பழுப்பும் சேர்ந்த படிவு விழும். பாஸ்டல் சாக்கைப் பொடித்து மெல்லிய தூரிகையில் தொட்டு, குழாயிலிருந்து பின்னோக்கி ஒரே வீச்சில் தேயுங்கள். இரண்டு நிறம் போதும்.

சரி, தேய்மானமே வேண்டாமா என்றால், வேண்டும். மனிதர்கள் தொட்ட இடத்தில் வேண்டும். ஹரிக்கேன் உயரமான விமானம். இடப்பக்கம் கீழே இறங்கும் ஒரு மிதிப்படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பற்றி, இறக்கையில் ஏறித்தான் விமானி உள்ளே போக வேண்டும். ஆகவே இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தின் மேற்பக்கத்தில் பூட்ஸ் தேய்த்த தடம் இருக்கும். வலது பக்கம் அவ்வளவு இருக்காது. உங்கள் மாடலில் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே மாதிரி! எஞ்சின் மூடிகளைத் தினமும் கழற்றி மாட்டுவார்கள், அங்கே திருகுகளைச் சுற்றிக் கீறல். பெட்ரோல் ஊற்றும் மூடியைச் சுற்றிக் கறை. துப்பாக்கிக்குக் குண்டு நிரப்பும் மூடிகளின் ஓரங்கள். இவ்வளவுதான். வெள்ளிக்குப் பதில் கூர்சீவிய பென்சில் முனையால் தொட்டாலே அந்த மினுக்கம் வந்துவிடும்.

அளவு என்ன என்று கேட்டீர்கள். 72ஆல் பெருக்கிப் பாருங்கள். உங்கள் ஸ்பாஞ்ச் விட்ட புள்ளி ஒரு மில்லிமீட்டர் இருக்கும், நிஜத்தில் அது 7 சென்டிமீட்டர். உள்ளங்கை அகலத்துக்கு நிறம் பெயர்ந்த விமானத்தை மெக்கானிக் சும்மா விட்டுவைப்பானா? தூரத்துக்கும் இதே கணக்கு. மாடலை ஒரு அடி தள்ளிப் பார்ப்பது நிஜ விமானத்தை 72 அடி தள்ளி நின்று பார்ப்பது மாதிரி. அங்கிருந்து பேனல் கோடுகள் கறுப்புக் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகமாகவா தெரியும்? எஞ்சின் மூடியிலும் ஐலரான் பிளவிலும் மட்டும் அடர் பழுப்பு வாஷ் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் துடைத்துவிடுங்கள்.

துடைக்கும் முன் வார்னிஷ் பூசியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் மாடலில் எனாமல் நிறத்தின்மேல் நேராக டர்பன்டைன் வைத்துத் துடைத்தேன். வாஷும் போனது, நிறமும் போனது, கையில் வெற்று பிளாஸ்டிக் மிச்சம். வெள்ளிக்கு மேல் ஹேர் ஸ்ப்ரே அடித்து, அதன்மேல் நிறமடித்து, தண்ணீர் தொட்டுச் சுரண்டும் முறையையும் அடுத்த மாடலில் முயன்று பார்க்கலாம். முக்கால்வாசி வழுக்கை விழுந்த ஆள் கடையில் ஹேர் ஸ்ப்ரே கேட்டால் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு முடி இருக்கும் என்று நம்புகிறேன்.

ஒன்றை நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். மார்க் 2பிக்கு இறக்கையில் பன்னிரண்டு பிரவுனிங் துப்பாக்கிகள். தூசி போகாமலிருக்கத் துளைகளின் வாயில் சிவப்புத் துணி ஒட்டுவார்கள். சுட்டதும் அது கிழிந்துபோகும். உங்கள் மாடலில் சிவப்புத் துணி முழுசாக இருக்கிறது, அதன் பின்னால் வெடிமருந்துப் புகையும் வழிகிறது. இரண்டும் சேர்ந்திருக்க முடியாது. முந்தைய நாள், ஏப்ரல் 4 மாலை, கனடிய விமானி லெனார்ட் பர்ச்சலின் கேட்டலினா ரோந்து விமானம் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு தகவல் அனுப்பியிருந்தது. எனவே மறுநாள் விடியும்போது இரத்மலானையில் துப்பாக்கிகள் நிரப்பித் துணி ஒட்டித் தயாராக இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தாக்க வருகிற நேரத்தில் எச்சரிக்கை எட்டவில்லை. எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் ஹரிக்கேன்கள் ஓடி எழும்பின. உங்கள் விமானம் அதற்கு முன் தரையில் நிற்கிறதா, சண்டை முடிந்து திரும்பி வந்து நிற்கிறதா? முன்னது என்றால் புகையைத் துடையுங்கள். பின்னது என்றால் சிவப்பை ஊசியால் கிழித்து விளிம்பில் நார் நாராக விடுங்கள். அப்போது பின்னுடலில் வரையச் சொன்ன ஒட்டுத்துண்டை வைக்காதீர்கள், அந்த இடத்தில் ஓட்டையாகவே இருக்கட்டும். ஒட்டுவதற்கு இன்னும் யாருக்கும் நேரம் கிடைத்திருக்காது.

முடித்துவிட்டு இன்னொரு படம் அனுப்புங்கள். ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் ஓரத்தில் வைத்து, இடப்பக்கத்திலிருந்து.