லீவு கணக்கு, உட்கார ஸ்டூல், மகப்பேறு: முதலாளிகள் கேட்டவை

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலில் இருக்கின்றன. ஆனால் பல கம்பெனிகளின் லீவு விதிகள் இன்னும் பழைய எண்களோடுதான் ஓடுகின்றன. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அங்கிருந்து கிளம்பியவையே.

திருப்பூரில் பின்னலாடை யூனிட், 64 பேர். வருடத்தில் 240 நாள் வந்தவர்களுக்கு மட்டும் ஈ.எல். (வேலை செய்து ஈட்டும் சம்பள விடுப்பு) கொடுத்து வருகிறோம். அப்படியே தொடரலாமா?

கூடாது. 240 என்பது பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் எண். நான்கில் ஒன்றான புதிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பில் அது 180. விகிதம் மட்டும் மாறவில்லை: 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு. 194 நாள் வந்த டெய்லருக்கு முன்பு ஒரு நாள்கூடக் கிடையாது. இப்போது 194-ஐ 20-ஆல் வகுத்தால் 9.7, அரை நாளும் அதற்கு மேலும் முழு நாளாகும் என்பதால் 10 நாள்.

அதிகம் தப்பு நடப்பது அடுத்த இடத்தில். லே-ஆஃப் (வேலை தர முடியாமல் தற்காலிகமாக நிறுத்திவைத்த நாட்கள்), மகப்பேறு விடுப்பு, ஏற்கெனவே எடுத்த ஈ.எல். ஆகியவற்றை 180 நாளை எட்டினாரா என்று பார்க்கச் சேர்க்க வேண்டும். லீவு ஈட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது. 110 நாள் வேலை, 90 நாள் மகப்பேறு என்றால் 200; தகுதி வந்துவிட்டது. விடுப்போ 110-க்கு மட்டும்: 5.5, அதாவது 6 நாள். சம்பள மென்பொருளில் 240 என்று பதிந்திருப்பதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இன்றே பாருங்கள்.

மீதமுள்ள லீவில் 30 நாள்வரை அடுத்த ஆண்டுக்குப் போகும். ஆனால் கேட்டும் நீங்கள் மறுத்த லீவுக்கு அந்த 30 நாள் வரம்பு கிடையாது. ஆகவே பதிவேட்டில் 'கேட்டது, மறுத்தது' என்று தனிப் பத்தி போட்டு, தேதியோடு எழுதுங்கள். ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் லீவைப் பணமாகவும் கொடுக்க வேண்டும்.

ஒரு பெண் ஊழியருக்கு ஜூலை 20 பிரசவத் தேதி. முதல் குழந்தை. மே மாதம் அவர் சம்பளம் 22,500 ஆனதால் இ.எஸ்.ஐ. (ஊழியர் அரசுக் காப்பீடு) பிடித்தத்தை நிறுத்திவிட்டோம். விடுப்பை எப்படிக் கணக்கிடுவது, பணம் யார் தருவது?

முதலில் பிடித்தத்தை நிறுத்தியதே தவறு. 21,000 ரூபாய் வரம்பைப் பங்களிப்புக் காலத்தின் நடுவில் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை அவர் இ.எஸ்.ஐ.யில்தான் இருப்பார். ஏப்ரல் – செப்டம்பர் ஒரு காலம்; ஆகவே செப்டம்பர் 30 வரை முழுச் சம்பளத்துக்கும் பங்களிப்பு கட்டுங்கள். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால் மகப்பேற்றுப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும். இ.எஸ்.ஐ.யில் இல்லாத ஊழியருக்கு நீங்களே தர வேண்டும். அதற்குப் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும்.

விடுப்பு 26 வாரம், அதாவது ஞாயிறும் பண்டிகையும் சேர்த்து 182 நாள். பிரசவத் தேதிக்கு முன்பு அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். மே 25-இல் தொடங்கினால் நவம்பர் 22-இல் முடியும். 23-ஆம் தேதி வேலைக்கு வர வேண்டும். ஜூலை 10 வரை வேலை பார்த்து 11-ஆம் தேதி தொடங்கினால் ஜனவரி 8 வரை ஓடும். முன்னால் எடுக்காத நாள் வீணாகாது, பின்னால் சேரும். '8 வாரம் எடுக்கவில்லை, ஆகவே 18 வாரம்தான்' என்று கழிப்பது சட்டவிரோதம். உயிருடன் இரண்டு குழந்தைகள் உள்ளவருக்கு மட்டும் 12 வாரம்.

ஒப்பந்தம் நடுவில் முடிகிறது என்றும் நிறுத்த முடியாது. ஒப்பந்தக் காலம் தீர்ந்தாலும் பலன் தொடரும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

மதுரையில் ஜவுளிக்கடை. ஓய்வறையில் பெஞ்ச் போட்டிருக்கிறோம். உட்காரும் உரிமைக்கு அது போதாதா?

போதாது. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் சேர்ந்த 22-ஏ பிரிவு கேட்பது, வேலைக்கு இடையில் கிடைக்கும் வாய்ப்பில் உட்கார வசதி. மாடியில் இருக்கும் பெஞ்ச் அந்த இடைவெளிக்குள் எட்டாது. கவுன்டருக்குப் பின்னால், விற்பனையாளர் நிற்கும் இடத்திலேயே ஸ்டூல் வேண்டும். ஸ்டூல் போட்ட மறுவாரமே அதன்மேல் துணிக்கட்டுகள் ஏறிவிடும். ஃப்ளோர் சூப்பர்வைசர் அதைத் தினமும் பார்க்க வேண்டும். கேமராவில் பார்த்து 'ஏன் உட்கார்ந்தாய்' என்று கேட்பதும் அபராதம் போடுவதும் பிரிவையே செல்லாக்காசாக்கும். பத்து மணி நேரம் நிற்கும் கால்களுக்காக வந்த சட்டம் இது. புதிய தொகுப்புகள் இந்த மாநிலச் சட்டத்தை ரத்து செய்யவில்லை. 12 நாள் தற்செயல், 12 நாள் மருத்துவ விடுப்பும் அப்படியே நிற்கின்றன.

35 பேர் உள்ள தனியார் அலுவலகம். கணக்காளருக்குப் பார்வை மங்கிவிட்டது. எங்கள் கடமை என்ன?

பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கவே கூடாது என்ற நேரடித் தடை, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அரசு நிறுவனங்களுக்கே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று தனியார் நிறுவனங்கள் முடிவுகட்டுகின்றன. தவறு. சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிடுவது எல்லா நிறுவனத்துக்கும் கட்டாயம். 20 பேரும் அதற்கு மேலும் இருந்தால் மாற்றுத்திறனாளி ஊழியர்களின் நியமனத்தையும் வசதிகளையும் கவனிக்கும் தொடர்பு அலுவலர் ஒருவரை நியமித்து, பொருத்தமான பணியிடங்கள், சிறப்பு விடுப்பு, உதவிக் கருவிகள் ஆகியவற்றையும் அதில் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை.

உங்கள் கணக்காளரிடம் எது முடிகிறது, எது முடியவில்லை என்று முதலில் அவரையே கேளுங்கள். பெரிய திரை, எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, திரையைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் ஆகியவற்றைச் சில வாரம் பயன்படுத்திப் பார்க்கட்டும். கையால் எழுதிய வவுச்சர்களை வேறொருவர் பதிவு செய்து, சரிபார்க்கும் வேலையை அவரிடம் விடலாம். பேசியதையும் செய்ததையும் தேதியிட்டு எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.

தேர்தல் நாளில் விடுமுறை விட்டு, ஞாயிற்றுக்கிழமை ஈடு செய்யச் சொல்லலாமா?

வாக்குப்பதிவு நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. தினக்கூலிக்கும் அன்றைய கூலி உண்டு. வெளியூரில் ஓட்டு உள்ளவருக்கும் இது பொருந்தும். ஞாயிறு வரச் சொன்னால் அது தனி வேலைநாள். அதற்குத் தனிச் சம்பளம்.