வேப், சூடாக்கும் புகையிலை, சிகரெட்: சட்டம் எதைப் பார்க்கிறது? கேள்வி பதில்

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் பற்றிக் கேட்டவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். அபராதத் தொகைகளும் வயது வரம்பும் அடிக்கடி மாறுகின்றன. நடவடிக்கை எடுக்கும் முன் அந்தந்த நாட்டு அரசிதழை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேப்பில் (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின் சிகரெட்) புகையிலையே இல்லை. பிறகு புகையிலைச் சட்டம் எப்படி அதன்மேல் பாயும்?

எந்த நாடானாலும் முதல் வேலை, பொருள் எந்த வகைக்குள் வரும் என்று முடிவு செய்வது. புகையிலைப் பொருளா, மருந்தா, சாதாரண நுகர்பொருளா, தனி வகையா? வரி, எச்சரிக்கைப் படம், விளம்பரத் தடை எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

அமெரிக்காவில் 2009 சட்டம் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்குப் புகையிலைமேல் அதிகாரம் கொடுத்தது. வேப் அதற்குள் வந்தது 2016 விதியால். ஆனால் சட்டத்தின் வரையறை, புகையிலையிலிருந்து எடுத்த பொருள் என்றுதான் இருந்தது. உடனே சில நிறுவனங்கள் ஆய்வகத்தில் தயாரித்த செயற்கை நிக்கோட்டினுக்கு மாறி, "எங்களுக்கு இது பொருந்தாது" என்றன. 2022 மார்ச்சில், எந்த மூலத்திலிருந்து வந்த நிக்கோட்டினானாலும் அடங்கும் என்று திருத்தியபிறகுதான் அந்த ஓட்டை அடைபட்டது.

ஜப்பானில் வேறு கதை. நிக்கோட்டின் கலந்த வேப் திரவம் அங்கே மருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. சூடாக்கும் புகையிலைக் குச்சி (கருவியில் செருகி, எரிக்காமல் சூடாக்கி இழுப்பது) சிகரெட்டைப் போலப் புகையிலைச் சட்டத்தின் கீழ். குச்சி கடைக்குக் கடை கிடைப்பதும், நிக்கோட்டின் வேப் கடை அலமாரியில் இல்லாததும் இதனால்தான்.

கேள்வி: சூடாக்கும் புகையிலை எரிவதில்லை, ஆபத்து குறைவு என்கிறார்களே? சட்டத்தில் சலுகை உண்டா?

எரியும் சிகரெட்டின் முனை, இழுக்கும்போது 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இந்தக் கருவிகள் சுமார் 350 டிகிரிக்குள் நிறுத்துகின்றன. எரிதலால் உண்டாகும் சில நச்சுகள் குறைவது உண்மை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் 2018இல் ஜெனிவாவில் கூடியபோது, இவையும் புகையிலைப் பொருட்களே, ஒப்பந்தம் இவற்றுக்கும் பொருந்தும் என்று தீர்மானித்துவிட்டன.

அமெரிக்கா 2020 ஜூலையில் ஐகாஸ் என்ற சூடாக்கும் புகையிலைக் கருவிக்குக் கொடுத்த அனுமதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். சிகரெட்டிலிருந்து முழுமையாக மாறுபவருக்குத் தீங்கான வேதிப்பொருட்கள் *உடலுக்குள் போகும் அளவு* குறையும் என்று சொல்லலாம். *நோய் ஆபத்து* குறையும் என்று சொல்ல அனுமதியில்லை. விளம்பரத்தில் இந்த இரண்டும் குழம்பினால் அது நிறுவனத்துக்கு லாபம், வாங்குபவருக்கு இல்லை.

சலுகை உண்மையில் ஒளிந்திருப்பது வரியில். எடைக்கு வரி போடும் நாட்டில், ஒரு சிகரெட்டில் இருப்பதில் பாதிக்கும் குறைவான புகையிலைதான் ஒரு குச்சியில் இருக்கும்; அதனால் வரியும் பாதிக்குக் கீழே விழும். குச்சி எண்ணிக்கைக்கு வரி போட்டால் இந்த இடைவெளி மறையும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து மணமூட்டிய சூடாக்கும் புகையிலையைத் தடுத்தது. அதன்பின் சந்தையில் என்ன நடந்தது? புகையிலைக்குப் பதில் தேயிலை வகை இலையில் நிக்கோட்டின் ஏற்றிய குச்சிகள், விதவிதமான மணங்களில். இந்தத் துறையில் எந்த வரையறையும் நாலு வருடத்துக்குமேல் தாங்காது என்பது என் கணிப்பு.

கேள்வி: வேப்பில் 2%, 5% என்று போட்டிருக்கிறது. சட்ட வரம்பு மி.கி.யில் இருக்கிறது. எப்படிக் கணக்குப் போடுவது?

கன அளவுக் கணக்கில் 2% என்றால் மி.லி.க்கு 20 மி.கி. ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பு அதேதான். கனடாவும் 2021இல் அதையே எடுத்துக்கொண்டது. எடைக் கணக்கில் போட்ட சதவீதம் என்றால் கவனம்: திரவம் தண்ணீரைவிடக் கனமானது. ஆகவே எடைப்படி 5% என்பது மி.லி.க்கு 50 மி.கி.யைத் தாண்டிவிடும்.

செறிவோடு சேர்த்து அளவுக்கும் வரம்பு உண்டு. ஐரோப்பிய விதிப்படி கருவியின் தொட்டி 2 மி.லி., நிரப்பும் பாட்டில் 10 மி.லி. குழந்தை திறக்க முடியாத மூடி, கசியாத வாய் கட்டாயம். புதிய பொருள் சந்தைக்கு வருவதற்கு 6 மாதம் முன்பே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதில் ஒரு பிரபலமான சுற்றுவழி: 10 மி.லி. வரம்பு நிக்கோட்டின் உள்ள பாட்டிலுக்கு மட்டுமே. 60 மி.லி. பாட்டிலில் நிக்கோட்டின் இல்லாத 50 மி.லி. மணத்திரவத்தை விற்பார்கள், மி.லி.க்கு 18 மி.கி. நிக்கோட்டின் உள்ள 10 மி.லி. பாட்டிலைத் தனியாக. கலந்தால் 180 ÷ 60, மி.லி.க்கு 3 மி.கி. ஒவ்வொரு பாட்டிலும் சட்டப்படி சரி. கலவைதான் யார் கண்ணிலும் படாது.

கேள்வி: "லைட்", "மைல்ட்" சிகரெட் என்ற பெயரையே ஏன் தடை செய்தார்கள்? அளந்துதானே போட்டார்கள்?

அளந்தது இயந்திரம். பழைய ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு) முறையில் இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை, 2 வினாடி, 35 மி.லி. இழுக்கும். வடிகட்டியைச் சுற்றி ஊசித்துளைகள் போட்டுவிட்டால் வெளிக்காற்று உள்ளே கலந்து தார் (புகையில் உள்ள பிசுபிசுப்பான கழிவு) அளவு தாளில் குறைந்துவிடும். மனிதர் பிடிக்கும்போது விரலும் உதடும் அந்தத் துளைகளை மூடும். நிக்கோட்டின் போதவில்லை என்றால் ஆழமாகவும் இழுப்பார். கனடாவின் தீவிர முறை இதற்காகவே வந்தது: 55 மி.லி., 30 வினாடிக்கு ஒருமுறை, துளைகள் முழுதும் அடைத்து. ஒரே சிகரெட்டுக்கு இரண்டு முறையிலும் வரும் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் "லைட்" என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு ஒரே ஒரு வேப் கொண்டுவந்தால்? சொந்த உபயோகம்தான்.

கொண்டுவராதீர்கள். 2019 தடைச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லுதல், விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்தலுக்குத் தனிப் பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். சூடாக்கும் கருவியும் மின் ஹூக்காவும் வரையறைக்குள்ளேயே இருக்கின்றன. நிக்கோட்டின் இல்லாத திரவம் என்ற வாதமும் எடுபடாது, வரையறை "நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்றே சொல்கிறது.

கேள்வி: சிங்கப்பூர் வழியாகப் போகிறேன்.

அங்கே 2018 பிப்ரவரி 1 முதல் வேப் வைத்திருப்பதே குற்றம். தாய்லாந்திலும் இறக்குமதித் தடை உண்டு. சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிவிலக்கு அளவு என்பதும் கிடையாது. ஒரு பாக்கெட் என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். அனுமதியுள்ள நாட்டுக்குப் போவதானாலும் வேப்பைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் என்பதால் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் கூடாது. விமானத்துக்குள் சார்ஜ் போடவும் கூடாது.

கேள்வி: சட்ட மாணவர் நான். ஒரு நாட்டின் புகையிலைச் சட்டத்தை எந்த வரிசையில் படிப்பது நல்லது?

வரையறைப் பிரிவு, அதற்கடுத்து விலக்குகள். பிறகு அட்டவணையும் விதிகளும்; இந்தியாவில் பாக்கெட்டின் 85% எச்சரிக்கை போன்ற எண்கள் சட்டத்தில் இருக்காது, விதிகளில்தான் இருக்கும். அதன்பின் சோதனையிடும் அதிகாரம் யாருக்கு என்று பாருங்கள். கடைசியாக நடைமுறைக்கு வரும் தேதி, பழைய சரக்கை விற்றுத்தீர்க்கத் தந்த அவகாசம். தேதியை விட்டுவிட்டுக் கட்டுரை எழுதுபவர்கள்தான் அதிகம். நியூசிலாந்து 2022இல், 2009 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்குப் புகையிலை விற்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அந்த விற்பனைத் தடை அமலுக்கு வரும் முன்பே 2024இல் நீக்கப்பட்டது. மாலத்தீவோ 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கான தடையை 2025 நவம்பரில் அமலுக்கே கொண்டுவந்துவிட்டது. நியூசிலாந்தின் அந்தத் தடையை இன்னும் நடப்பில் இருப்பதாக எழுதும் தேர்வுத்தாள்கள் ஏராளம்.