பணி முடிந்த இரவும் பார்த்துப் பழகிய நகைச்சுவையும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருக்கிறேன். பெரும்பாலும் நாகர்கோவில்–திருவனந்தபுரம் தடம்தான். சில்லறைத் தகராறு, மார்த்தாண்டத்து நெரிசல், களியக்காவிளை தாண்டினால் மலையாளம், திரும்பினால் தமிழ் என்று டியூட்டி முடிந்து, கலெக்‌ஷனைக் கட்டிவிட்டு வீடு வந்து சேர இரவு பத்தரை ஆகிவிடும். ஒரு காலத்தில் நூலகத்தில் புத்தகம் எடுத்து விடாமல் படித்தவன் நான். இப்போது இரண்டு பக்கம் ஓடுவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் ‘உப்பும் முளகும்’ என்ற மலையாள நகைச்சுவைத் தொடரைப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் வடிவேலு காட்சிகள். பெரும்பாலும் முன்பே பார்த்தவைதான். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகள், “பாத்ததையே பாக்கதுக்குப் பேரு ரசனை இல்லப்பா, மூளை தூங்குதுன்னு அர்த்தம்” என்கிறாள். அவள் பார்ப்பது ‘ஃப்ரெண்ட்ஸ்’. அது மட்டும் தரமாம். என் ரசனை கெட்டுவிட்டதா? நான் பார்க்கக்கூடிய வேறு நல்ல தொடர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ச.,
தக்கலை

அன்புள்ள ச.,

உங்கள் ரசனை கெடவில்லை என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் களைத்து வந்தவருக்குப் புதியதைவிடப் பழகியது ஏன் வேண்டியிருக்கிறது என்று உங்கள் கடிதத்தைப் படித்தபின் எனக்கே யோசிக்கத் தோன்றியது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் வேலையில் உடலைவிட அதிகம் தேய்வது மனிதர்களைக் கணிக்கும் திறன் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் புதிய முகங்கள் ஏறுகின்றன. இவரிடம் எந்த மொழியில் பேச வேண்டும், இந்தப் பையனுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா, பின்படியில் நிற்பவர் குடித்திருக்கிறாரா, கிழிந்த நோட்டைத் தெரிந்துதான் நீட்டுகிறாரா என்று நொடிக்கு நொடி நீங்கள் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அப்படி ஒரு நாளைக் கழித்துவிட்டு வருபவரிடம் ஒரு புதிய தொடர் என்ன கேட்கிறது? இவள் யார், அவனுக்கு என்ன உறவு, இவர்களுக்குள் என்ன பகை என்று மறுபடியும் முன்பின் தெரியாதவர்களை அறிமுகம் செய்துகொள்ளச் சொல்கிறது. டியூட்டி முடித்து இறங்கியவரை இன்னொரு டிரிப் ஏறச் சொல்வதுபோலத்தான் அது. பழகிய நகைச்சுவைத் தொடரோ உங்களிடம் எதையும் கேட்பதில்லை. ‘உப்பும் முளகும்’ தொடரின் பாலு பொறுப்பைத் தட்டிக்கழிப்பார், நீலு பொறுமை இழப்பார், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொள்வார்கள் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். பாலுவாக நடிக்கும் பிஜு சோபானத்தின் வாயில் வருவதும் நெய்யாற்றின்கரையில் ஏறுபவர்களிடம் நீங்கள் அன்றாடம் கேட்கும் திருவனந்தபுரத்துப் பேச்சுதான். பேருந்தில் அந்தப் பேச்சுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும், வீட்டில் வேண்டியதில்லை.

இந்த வகைத் தொடர்களின் அமைப்பே அப்படிப்பட்டது. நெடுந்தொடர் ஒவ்வொரு இரவும் ஒரு கவலையை நம் கையில் கொடுத்து, நாளைக்கு வா என்று அனுப்புகிறது. நகைச்சுவைத் தொடர் ஒரு சிறு சிக்கலைத் தொடங்கி, குழப்பத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய், அரைமணி நேரத்துக்குள் எல்லோரையும் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. பாத்திரங்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அடுத்த வாரம் அதே தவறைச் செய்வார்கள். நாவலாசிரியன் செய்தால் குற்றமாகக் கருதப்படும் இந்தத் தேக்கம்தான் இங்கே உயிர்நாடி. 1984-இல் தூர்தர்ஷனில் வந்த ‘யே ஜோ ஹை ஜிந்தகி’ இதற்கு நல்ல உதாரணம். அதில் கணவன், மனைவி, மனைவியின் தம்பி என்று வீடு மாறாமல் இருக்கும். சதீஷ் ஷா மட்டும் வாரந்தோறும் வேறொரு மனிதராக அந்த வீட்டுக்குள் நுழைவார். வீட்டில் இருப்பவர்களைப் பற்றி நமக்கு ஐயமே இல்லாததால், வந்தவரை வேடிக்கை பார்க்க நமக்கு முழு ஓய்வு கிடைத்தது. தமிழில் கிரேஸி மோகன் இதைப் பெயர்களிலேயே செய்தார். நாடகத்துக்கு நாடகம் அவருடைய நாயகன் மாது, நண்பன் சீனு, நாயகி ஜானகி. கதை வேறாக இருக்கும். ஆனால் திரை விலகியதும் பார்வையாளர் யாரையும் புதிதாக அறிந்துகொள்ள வேண்டியதில்லை. அதைச் சோம்பல் என்று சொன்னவர்கள் உண்டு. பார்வையாளரின் களைப்பை அறிந்த ஒருவரின் தொழில்நுட்பம் என்றே நான் அதைக் கொள்வேன்.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு வசதியையும் சொல்ல வேண்டும். 1985-இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கிய காலத்தில், நம் பக்கத்து மாடிகளில் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் அந்தத் திசை நோக்கியே நின்றன. சென்னைக்காரர்களுக்கு வாய்க்காத ஒரு காதுப்பழக்கம் அதனால் நமக்கு வந்தது. அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்யும் ‘மறிமாயம்’ மழவில் மனோரமாவில் 2011-இல் தொடங்கியபோது அதற்குத் தக்கலையிலும் குலசேகரத்திலும் பார்வையாளர்கள் இருந்ததில் வியப்பில்லை. மொழிபெயர்ப்பு வரிகளைப் படித்துக்கொண்டு சிரிப்பது ஓய்வாகாது. கண் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டு மொழியிலும் காதாலேயே சிரிக்க முடிகிறவர்கள் நாம்.

ஆனால் வடிவேலு காட்சிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு. வடிவேலுவின் மீது எனக்குக் குறையொன்றும் இல்லை; தமிழில் உடலால் நகைச்சுவை செய்தவர்களில் அவருக்கு இணையானவர்கள் மிகச் சிலரே. மாறாமல் இருக்கும் குடும்பத்தை வைத்து நீண்டகாலம் ஓடிய நல்ல நகைச்சுவைத் தொடர்கள் தமிழில் குறைவு. அந்த இடத்தைத் திரைப்படத்தின் நகைச்சுவைப் பகுதி முன்பே பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்பது என் எண்ணம். உங்கள் பேருந்து புறப்படும் வடசேரிக்கு அடுத்திருக்கும் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், தன் குழுவினருடன் தனியே உருவாக்கிய நகைச்சுவைப் பகுதிகளை மூலக்கதையோடு சேர்க்கும் முறையைத் தமிழ்த் திரையில் நிலைநிறுத்தினார். மதுரமும் அவரும் வரும் அப்பகுதிகளைப் படத்திலிருந்து பிரித்தெடுத்தாலும் அவை தனிக்கதையாக நிற்கும். பின்னர் கவுண்டமணி–செந்தில், விவேக், வடிவேலு என்று அந்த மரபு நீண்டது. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற அலைவரிசைகள் அந்தத் துண்டுகளை வைத்தே நாள் முழுவதையும் ஓட்டின. நம் தமிழ் வீடுகளின் களைப்பை ஆற்றியது பெரும்பாலும் இந்தத் துண்டுகள்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், துண்டுக்கு முடிவு கிடையாது. நான்கு நிமிடத்தில் ஒன்று முடிந்ததும் செல்போன் அடுத்ததை நீட்டுகிறது. அதுவும் முடிந்ததும் இன்னொன்று வருகிறது. ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்த நிறைவு அதில் இல்லை. கடிகாரம் இரவு ஒரு மணியைக் காட்டும்போது சிரிப்பும் இல்லை, தூக்கமும் இல்லை. முழு எபிசோடு தன் முடிவைத் தானே கொண்டு வருகிறது. ஆகவே மறுநாள் அதிகாலை டியூட்டி இருக்கும் இரவுகளில் துண்டுகளைத் தவிர்த்துவிட்டு ஒரே ஒரு முழு எபிசோடு பார்ப்பதுதான் நல்லது என்பேன்.

கலைவாணரைச் சொன்னவுடன், அவர் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தாரே, வெறும் சிரிப்பு எதற்கு என்று யாராவது உங்களை மடக்கக்கூடும். சிந்திக்க வைக்கும் நகைச்சுவைக்கு விழித்திருக்கும் மனம் வேண்டும். ‘லொள்ளு சபா’ சிறந்த பகடி. ஆனால் கிண்டல் செய்யப்படும் படமும் அதன் வசனமும் நினைவில் இருந்தால்தான் அதன் சுவை முழுதாகத் தெரியும். ‘மறிமாயம்’ கூட, பொதுமக்களின் ஏச்சைப் பகல் முழுவதும் வாங்கிய ஒருவருக்குச் சில நாட்களில் வேலையையே நினைவூட்டிவிடும். அவற்றை ஓய்வு நாளில் பாருங்கள். பத்தரை மணிக்குச் சோற்றுத் தட்டோடு உட்காருபவர் சமூகத்துக்கு எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை.

எந்த நேரத்திலும் ஓய்வு தராத ஒரு வகையும் இருக்கிறது. ஒருவரின் நிறத்தையும் பருமனையும் வழுக்கையையும் சொல்லிச் சிரிக்க வைக்கும் மேடை நிகழ்ச்சிகள் அவை. பகலெல்லாம் அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டவர் இரவில் இன்னொருவர் அவமதிக்கப்படுவதைப் பார்த்துச் சிரித்தால், அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பழிதீர்ப்பு கலந்துவிடுகிறது. பிறகு உடல் தளர்வதற்குப் பதிலாக இறுகுகிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு ‘டொய்ங்’ ஒலி வேறு. அந்த ஒலியைச் சேர்ப்பவர்களுக்குத் தங்கள் நகைச்சுவையின் மீதே நம்பிக்கை இல்லை என்பது என் துணிபு.

பின்னணிச் சிரிப்பொலி அப்படிப்பட்டதல்ல. 1950-களில் சார்லஸ் டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப்பொறியாளர், பதிவுசெய்த சிரிப்புகளை வேண்டிய அளவில் சேர்க்க ஒரு கருவியை உருவாக்கினார். அறிவாளிகள் அதை எப்போதும் பழித்தே வந்திருக்கிறார்கள். ஆனால் வீடே உறங்கியபின் தனியாகச் சாப்பிடுபவருக்குக் கூடவே நாலு பேர் சிரிப்பது ஒரு துணைதான். அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். கொரியப் போர்க்கள மருத்துவமனையை வைத்து 1972 முதல் 1983 வரை வந்த ‘மாஷ்’ தொடரில், அறுவை அரங்கக் காட்சிகளில் மட்டும் அந்தச் சிரிப்பைச் சேர்க்க அதன் படைப்பாளிகள் மறுத்துவிட்டார்கள்.

உங்கள் மகள் பார்க்கும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடருக்கு வருவோம். நல்ல தொடர்தான். 1994-இல் தொடங்கி 236 எபிசோடுகள் வந்து, 2004-இல், அதாவது அநேகமாக அவர் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆறு நண்பர்கள், ஒரே காப்பிக்கடை, ஒரே சோபா. நீலுவின் வீட்டுக் கூடத்துக்கும் அந்தச் சோபாவுக்கும் வேலை ஒன்றுதான். அதைத் தேர்வு முடிந்த இரவில் எத்தனையாவது முறையாகப் பார்க்கிறார் என்று மட்டும் அவரிடம் விசாரித்துப் பாருங்கள். சண்டைக்காக அல்ல, பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

புத்தகம் பற்றியும் கவலைப்படாதீர்கள். இரவில் படிக்க முடியாதது நேரத்தின் பிரச்சினை. டியூட்டி இல்லாத நாளின் காலையில் எடுத்துப் பாருங்கள், ஓடும்.

கடைசியாகப் பரிந்துரைகள். இயக்குநர் நாகா, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்துக்காக இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ என் முதல் தேர்வு. கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. நாயகர்கள் அவ்வப்போது கேமராவைப் பார்த்து நம்மிடமே முறையிடுவார்கள். ராம்ஜியும் வாசுகியும் நடித்தது முதல் பாகம், பிருத்விராஜும் தேவதர்ஷினியும் நடித்தது இரண்டாம் பாகம். அடுத்தது, தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவாகக் காத்தாடி ராமமூர்த்தி நடித்த தூர்தர்ஷன் தொடர். படப்பிடிப்பு எளிமையானது, ஆனால் அவர் விழிப்பதே போதும். புதியவற்றில், இந்தியில் 2020-இல் வந்த ‘பஞ்சாயத்’ தொடரைத் தழுவி அதே நாகா 2024-இல் இயக்கிய ‘தலைவெட்டியான்பாளையம்’. நகரத்து இளைஞன் ஒருவன் குக்கிராமத்துக்கு ஊராட்சிச் செயலராக வருகிறான். ஊராட்சித் தலைவராகத் தேவதர்ஷினியும், அவர் பெயரில் பதவியை ஆண்டுகொண்டிருக்கும் கணவராகச் சேத்தனும் நடித்திருக்கிறார்கள். வாழ்விலும் அவர்கள் தம்பதியர் என்பதால் அந்தச் சண்டைகளில் ஒத்திகையின் வாடையே இல்லை. எட்டே எபிசோடுகள். இது ஓரளவு தொடர்ச்சியான கதை. பாத்திரங்கள் பழக ஓரிரு எபிசோடுகள் ஆகும். ஆகவே டியூட்டி இரவில் தொடங்காமல், ஓய்வு நாளில் மகளோடு சேர்ந்து தொடங்குங்கள். ‘ரமணி’க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, இரண்டு பாகங்களில் எதை முதலில் எடுத்தாலும், எந்த எபிசோடில் நுழைந்தாலும் வழி தவறாது.

அன்புடன்.