முதலில் எண்களைச் சீராக்குங்கள்

கேள்வி: எங்களிடம் நாற்பது லினக்ஸ் கணினிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பயனர் கணக்குகளைத் தனித்தனியாக உருவாக்கி வந்திருக்கிறோம். ஒருவர் வேலையை விட்டுப் போனால் நாற்பதிலும் நீக்க வேண்டும். ஹோம் கோப்புறைகளை என்எஃப்எஸ் (வலையமைப்பு வழிக் கோப்புப் பகிர்வு) வழியே பகிர்கிறோம். எளிது என்பதால், கணக்கு விவரங்களை ஒரே இடத்திலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் தரும் என்ஐஎஸ் அமைக்கலாமா?

பதில்: வேண்டாம். சன் நிறுவனம் 1980களில் உருவாக்கிய என்ஐஎஸ், வலையமைப்பில் இருக்கும் எல்லாரையும் நம்பிவிடுகிறது. கடவுச்சொல் ஹாஷ்கள் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட குறியீடுகள்) மறைகுறியாக்கம் இல்லாமலே பயணிக்கும். உள்ளே இருக்கும் யாரும் அவற்றைத் திரட்டிக்கொண்டு போய் நிதானமாக உடைக்கலாம். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 அதை நீக்கியே விட்டது.

இன்று நான் பரிந்துரைப்பது ஃப்ரீஐபிஏ என்ற மையக் கணக்கு மேலாண்மை மென்பொருள். பயனர் விவரங்களை எல்டாப் அடைவில் (வலையமைப்பு வழியே தேடக்கூடிய மையப் பட்டியல்) வைக்கிறது. கடவுச்சொல் சரிபார்ப்பைக் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை கவனிக்கிறது. ஓப்பன்எல்டாப்பையும் கெர்பரோஸையும் நீங்களே இணைத்துக் கட்டலாம்தான். சிறிய குழுவுக்கு அந்தப் பராமரிப்புச் சுமை தேவையில்லை. ஏற்கெனவே மைக்ரோசாஃப்டின் மையக் கணக்கு அமைப்பான ஆக்டிவ் டைரக்டரி இருந்தால் புதிதாக எதுவும் நிறுவாமல், மையக் கணக்குகளை லினக்ஸில் பயன்படுத்த உதவும் எஸ்எஸ்எஸ்டி மூலம் கணினிகளை அதனுடன் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் சர்வரைத் தொடுவதற்கு முன் யுஐடி எண்களை, அதாவது ஒவ்வொரு பயனருக்கும் கணினி தரும் எண்களைப் பாருங்கள். இத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகின்றன. கோப்பு யாருடையது என்பதை இயங்குதளத்தின் மையமான கர்னல் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. பல லினக்ஸ் வகைகளில் புதிய பயனர்களின் எண் 1000இல் தொடங்குவதால், ஒரு கணினியில் 1001 கவிதா, இன்னொன்றில் 1001 முருகன் என்று இருக்க வாய்ப்பு மிக அதிகம். கெர்பரோஸ் இல்லாத வழக்கமான என்எஃப்எஸ் அமைப்பும் அந்த எண்ணை அப்படியே நம்பும். அதாவது, கவிதாவின் கோப்புகளை முருகனால் இப்போதே திறக்க முடிகிறதோ என்னவோ, இன்றே சோதியுங்கள்.

எல்லாக் கணினிகளிலும் கணக்குப் பட்டியல் இருக்கும் பாஸ்வேர்ட் கோப்புகளைத் திரட்டி, பெயரும் எண்ணும் கொண்ட ஒரே பட்டியலாக்குங்கள். ஒவ்வொருவருக்கும் இதுவரை எங்கும் பயன்படாத உயர்ந்த வரிசையில் புதிய எண் கொடுங்கள். பழைய எண்களையே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொடுத்தால், பாதியில் இருவரின் கோப்புகளும் கலந்துவிடும், பிரிக்கவே முடியாது. கணக்கைத் திருத்தும் யூசர்மாட் கட்டளை ஹோம் கோப்புறையில் உள்ள கோப்புகள், அஞ்சல் பெட்டி ஆகியவற்றின் உரிமையை மட்டுமே மாற்றும். மற்ற இடங்களில் உள்ளவற்றை ஃபைண்ட் கட்டளையால் தேடி மாற்ற வேண்டும். குழு எண்களுக்கும் இதே வேலை உண்டு.

அடுத்து, கடிகாரங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் கெர்பரோஸ் வழக்கமாக உள்ளே விடாது. எல்லாக் கணினிகளிலும் நேர ஒத்திசைவு ஓடட்டும். டிஎன்எஸ் பெயர்களும் (வலையமைப்பில் கணினிகளைக் கண்டறிய உதவும் பெயர்கள்) சரியாக இருக்கட்டும். சர்வர் ஒன்று போதாது, இரண்டாவதாக ஒரு நகல் சர்வர் கட்டாயம். எஸ்எஸ்எஸ்டியின் தற்காலிகச் சேமிப்பு இயங்கினால், இரண்டும் விழுந்த வேளையிலும் அந்தக் கணினியில் முன்பு உள்நுழைந்தவர்கள் நுழைய முடியும். ரூட் கணக்கையும் அமைப்புக் கணக்குகளையும் மையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அவை அந்தந்தக் கணினியிலேயே இருக்கட்டும். முதலில் இரண்டு கணினிகளை மட்டும் இணைத்துப் பாருங்கள்.

வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை உடனே அழிக்காமல் முடக்குங்கள். முடக்கிய பின் தொலைவிலிருந்து கடவுச்சொல் இல்லாமல் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி கொண்டும் நுழைய முடியவில்லை என்பதைச் சோதித்து உறுதிசெய்யுங்கள்; கடவுச்சொல்லை மட்டும் தடுத்துவிட்டு நிம்மதியடைவோர் பலர். ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுகளும் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளும் தாமாக நிற்கும் என்று எதிர்பார்க்காமல் நீங்களே நிறுத்துங்கள். அவருடைய எண்ணை வேறு யாருக்கும் மீண்டும் கொடுக்காதீர்கள்.